பார்சல் எடுக்கிறவர்களுக்கு வோட்டில்லை

வகுப்பில் நான் அடிக்கடி சொல்லுகிற ஒரு வசனம் இருந்தது. ஓர் ஊரின் வயதையும் தொழிலையும் சொல்லுங்கள், அந்த ஊர் யாருக்கு வோட்டுப் போடும், எத்தனை பேர் போடப் போவார்கள் என்று நான் சொல்லுகிறேன். பிள்ளைகள் அதை வருடக்கணக்காகக் கொப்பியில் எழுதி வந்தார்கள். போன பிரதேச சபைத் தேர்தலுக்குப் பிறகு நான் அதைச் சொல்வதில்லை. ஏன் சேர் விட்டுவிட்டீர்கள் என்று ஒருவரும் கேட்கவுமில்லை. நான் சொல்வதை அவர்கள் எழுதுவார்களே தவிர வாசிப்பதில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. அந்த அளவில் அது நல்லதுதான்.

திருகோணமலைக்கு வடக்கே, கடலோரம் இருக்கிற வளாகம் ஒன்றில் சமூகப் புள்ளிவிபரம் படிப்பிக்கிறவன் நான். சொந்த ஊர் தோப்பூர். வேலை கிடைத்த நாளிலிருந்து வளாகத்துக்குப் பின்னால் போகிற ஒழுங்கையில், இளைப்பாறிய தபாலதிபர் ஒருவரின் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறேன். ஏழு வருடமாகிறது. ஒழுங்கையில் எந்த நாய் குரைக்கும், எது குரைக்காமல் கடிக்கும் என்பது வரை தெரியும். ஆகவே நான் அந்த இடத்து ஆள் என்று எனக்குள் முடிவெடுத்து வைத்திருந்தேன். அதை உறுதிப்படுத்த வேறு யாரையும் கேட்கவில்லை.

ஒழுங்கை தொடங்குகிற இடத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. நடத்துகிறவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்போம். காலையில் இடியப்பமும் சொதியும், மத்தியானம் சோறு. இறைச்சி அடுப்பில் ஏறாது, மீன் மட்டும். அதனால் ஹலால் பார்க்கிற என்னைப் போன்ற சோனகனும், கோயிலுக்கு நேர்த்தி வைத்த பிள்ளையும், அநுராதபுரத்திலிருந்து வந்த சிங்களப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்து சாப்பிடலாம். நல்லிணக்கம் பற்றி வளாகத்தில் நாங்கள் நடத்திய கருத்தரங்குகளுக்கும் சாப்பாடு அங்கிருந்துதான் போனது. வந்தவர்கள் சாப்பாட்டைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

தேர்தல் அறிவித்தபோது ஒரு சுயேச்சைக் குழு அக்காவைத் தேடி வந்தது. பட்டியலில் பெண்கள் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற விதி, குழுவுக்கு ஆள் குறைவு. பெயரை மட்டும் தாருங்கள், மிச்சத்தை நாங்கள் பார்க்கிறோம் என்றார்களாம். அக்கா ஒரு நாள் யோசித்துவிட்டு, பெயர் தருகிறேன், ஆனால் மிச்சத்தையும் நானே பார்க்கிறேன் என்றாராம்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், லைட். பிரதான வீதியிலிருந்து ஒழுங்கையின் கடைசி வரை கம்பங்கள் நிற்கின்றன, ஒன்றிலும் வெளிச்சமில்லை. பின்னேர விரிவுரை முடிந்து வருகிற பெட்டைகள் போனில் வெளிச்சம் அடித்துக்கொண்டு வரிசையாக வருவார்கள். மாரியில் ஒரு பிள்ளை வீதியோரக் கழிவுநீர்க் கானுக்குள் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டது. சோற்றைப் பிசைந்து கரண்டியும் வைத்து அதற்குப் பார்சல் அனுப்பியவர் அக்கா. சபைக்கு மூன்று மனுக் கொடுத்தார். பதில் இல்லை. உறுப்பினராக உள்ளே போய்க் கேட்டால் என்ன என்று நினைத்துவிட்டார்.

வேட்புமனு கொடுத்த அன்று என்னைக் கூப்பிட்டு, "சேர், உங்கட படிப்பு இதுக்குத்தானே. நான் வெல்லுவனோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ" என்றார்.

இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்காக நான் பட்டம் எடுத்த நாளிலிருந்து காத்திருந்தவன். இரண்டு நாளில் வட்டாரத்தை நான்கு பங்காகப் பிரித்து அட்டவணை போட்டேன்.

முதல் பங்கு கடற்கரை. கரைவலைக் குடும்பங்கள். அக்காவுக்கு எதிராக நின்ற முக்கிய ஆள் அங்குள்ள சம்மாட்டி, வலையின் சொந்தக்காரர். ஒரு கயிற்றை இழுக்கிறவர்கள் ஒரு பெட்டிக்குத்தான் வோட்டையும் இழுப்பார்கள், போகாமல் இருக்கவும் மாட்டார்கள். ஒருவன் போகாவிட்டால் மற்றவன் கேட்பான். கோடையில் மேற்குக் கரையிலிருந்து வந்து, ஓலைக் கொட்டிலாக வாடி அடித்துத் தங்குகிற மீனவர்களும் அங்கே நிறையப் பேர். அவர்களுக்கு இங்கே வோட்டில்லை என்று கவனமாகக் கழித்தேன்.

இரண்டாவது பள்ளிவாசல் தெரு. கடைக்காரரும் கொத்தனார்களும். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து செருப்புத் தேடுகிற நேரத்தில் யாருக்கு என்று பாதி முடிவாகிவிடும். ஆனால் இளவட்டம் பாதி கட்டாரில், பெயர்கள் மட்டும் வாக்காளர் இடாப்பில். மூன்றாவது வெங்காயத் தோட்டக்காரர். தண்ணீர் இறைக்கிற முறை வந்தால் தேர்தலாவது ஒன்றாவது, மத்தியானத்துக்குப் பிறகுதான் வருவார்கள், பாதிப் பேர்.

பெரிய தேர்தல் என்றால் இந்த மாவட்டத்தில் வேட்பாளரின் பெயரைப் பார்த்து வோட்டு விழும். எல்லோருக்கும் தெரியும், யாரும் சத்தமாகச் சொல்வதில்லை, ஆராய்ச்சிக் கட்டுரையில் மட்டும் மிகுந்த கண்டுபிடிப்புப் போல எழுதுவோம். சின்னத் தேர்தல் அப்படியில்லை. காலையில் யாருடைய முகத்தில் முழிக்கிறோம் என்று பார்ப்பார்கள். அதனால்தான் நான்காவது பங்கில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

நான்காவது எங்கள் ஒழுங்கை. இங்கே குடியிருக்கிறவர்களின் தொகையை எப்படி எடுப்பது என்று யோசித்தபோது அக்காவே வழி காட்டினார். எந்த வீட்டுப் படலைக்கு எத்தனை மத்தியானப் பார்சல் போகிறது என்று அவருக்கு மனப்பாடம். நீலப் படலைக்கு ஒன்பது, முருங்கை நிற்கிற வீட்டுக்குப் பதினொன்று, தபாலதிபர் வீட்டுக்கு ஒன்று. அந்த ஒன்று நான். பார்சலுக்கு ஒரு ஆள் என்று வைத்தேன். இதைவிடத் துல்லியமான குடித்தொகைக் கணக்கெடுப்பு நாட்டில் வேறெங்கும் நடந்திருக்காது என்பது அப்போதைய என் அபிப்பிராயம்.

வளாக விடுதிக்குள் இருக்கிற மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். சேர்க்கவில்லை. அதை அக்காவிடம் இரண்டு தரம் சொல்லிக் காட்டினேன். ஒழுங்கையில் போர்டிங்கில் இருக்கிறவர்கள் வேறு: விரிவுரையாளர், ஆய்வுகூடத்து ஆட்கள், வங்கிக் கிளார்க்குமார், கடைசி வருடப் பிள்ளைகள், வருடக்கணக்காக இங்கேயே இருக்கிறவர்கள். என்னைப் போல. நான் இந்த இடத்து ஆள் என்றால் அவர்களும் இந்த இடத்து ஆட்கள்தானே.

கடையில் நின்று பார்சல் எடுக்க வந்த ஒவ்வொருவரையும் கேட்டேன், அக்காவை ஆதரிப்பீர்களா என்று. சோற்றுக்கு மேல் குழம்பு ஊற்றுகிற நேரத்தில் அக்காவுக்கு முன்னால் நின்று கேட்டால் யார் இல்லை என்பார்? ஹட்டனிலிருந்து வந்த ஒரு பிள்ளை மட்டும், "சேர், எனக்கு ஹட்டனிலதான்..." என்று தொடங்கினாள். ஊர் எதுவென்றாலும் பரவாயில்லை பிள்ளை, அபிப்பிராயத்தைச் சொல்லுங்கோ என்றேன். அவள் மரியாதையான பிள்ளை. அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டுப் பார்சலோடு போய்விட்டாள்.

அட்டவணையின்படி அக்கா வெல்வது நிச்சயம். கொஞ்சமில்லை, நல்லாக வெல்வார். நான் அதைக் கணினியில் அச்சடித்து, நெகிழி உறையில் போட்டுக் கொடுத்தேன்.

ஒரு கிழமை கழித்து வேட்பாளர்களுக்கான இடாப்புப் பிரதி வந்தது. அக்கா பின்னேரம் கடையைக் கழுவிவிட்டு, ஒரு கதிரையில் இருந்து, ஒழுங்கைப் பக்கங்களை விரலால் தடவித் தடவி வாசித்தார். நான் பிளேன் டீ குடித்துக்கொண்டு இருந்தேன். முருங்கை நிற்கிற வீட்டுக்குப் பதினொரு பார்சல், இடாப்பில் ஒரு பெயர். வீட்டுக்காரக் கிழவி. நீலப் படலைக்கு இரண்டு பெயர், கிழவனும் கிழவியும். இன்னொரு வீட்டில் ஐந்து பெயர், அதில் நான்கு பேர் லண்டனிலும் கனடாவிலும்.

அக்கா சிரிக்கத் தொடங்கினார். முதலில் சத்தமில்லாமல், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"சேர், குசினியும் அடுப்பும் இருக்கிற ஆக்களுக்குத்தான் வோட்டிருக்கு. என்ர சோத்தைத் திண்ட ஒருத்தருக்கும் இல்லை. குசினி இருக்கிறவ ஏன் என்னட்டப் பார்சல் எடுக்கிறா?"

நான் படிப்பித்த எல்லாவற்றையும்விட அது சுருக்கமாகவும் சரியாகவும் இருந்தது. இருக்கிறவனுக்கு வோட்டில்லை, வோட்டிருக்கிறவன் இங்கே இல்லை, இரண்டும் உள்ளவர்களுக்கு முழங்கால் நோ. இதுதான் கம்பஸ் ஊரின் குடித்தொகை. நான் மாய்ந்து மாய்ந்து வோட்டே இல்லாதவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கருத்துக் கேட்டிருக்கிறேன்.

பிறகு தபாலதிபர் வீட்டுப் பக்கத்தைப் புரட்டச் சொன்னேன். ஒரு பெயர், தபாலதிபர் ஐயாவுடையது.

அன்றைக்கே போய் ஐயாவைக் கேட்டேன். அவர் விறாந்தையில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, என்ர பேர் இடாப்பில இல்லையே. வாக்காளர் பதிவுப் படிவத்தில எழுதி உங்களிட்டத் தந்தனான் எல்லோ?"

"ஓம், தந்தனீங்கள். வடிவான கையெழுத்து. கிழிக்க மனமில்லாமல் அலுமாரிக்குள்ள வச்சிருக்கிறன்."

கோபப்படுவதா, கையெழுத்தைப் பாராட்டியதற்கு நன்றி சொல்வதா என்று தெரியாமல் நின்றேன். அவர் வானொலியைக் குறைத்தார்.

"தம்பி, நீங்கள் நல்ல மனுசன், அதில்லைப் பிரச்சினை. இந்த வீட்டு இலக்கத்தில பேர் ஏறினால் பிறகு வீட்டை விட்டு எழும்பச் சொல்ல ஏலாது எண்டு சொல்லுவினம். இந்த வயசில நான் வழக்கு, கோடு கச்சேரி எண்டு திரிய ஏலாது."

"ஏழு வருசமா நான் ஏதும் கரைச்சல் தந்தனானோ ஐயா?"

"இல்லை. அதாலதான் இருக்கிறியள்."

என் பெயரைப் பார்த்துத்தான் செய்தாரோ என்று ஒரு நிமிடம் மனம் கறுத்தது. விசாரித்தேன். எனக்கு முதல் அந்த அறையில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக் கணித ஆசிரியர், ஐயாவின் சாதிசனம் மாதிரியே. அவருடைய படிவமும் அதே அலுமாரியில்தான் இருந்தது. ஒழுங்கையில் விசாரித்தால் ஏறக்குறைய எல்லா வீட்டு அலுமாரியிலும் அப்படி. வாடகைக்காரரை இடாப்பில் ஏற்றாத விடயத்தில் எங்கள் வீட்டுக்காரர்கள் இன, மத பேதம் பார்ப்பதில்லை.

இதை நான் அக்காவிடம் சொன்னபோது அவர் அட்டவணையை நெகிழி உறையிலிருந்து எடுத்து, உறையை மட்டும் வைத்துக்கொண்டார். அடையாள அட்டை போட உதவும் என்றார். அடுத்த நாள் பின்னேரம் தன் சோறு சாப்பிடாதவர்களிடம் வோட்டுக் கேட்கப் புறப்பட்டார்.

அதிலும் ஒரு சிக்கல். வாக்காளருக்குச் சாப்பாடு கொடுப்பது தேர்தல் குற்றம். இருபது வருடம் ஊருக்குச் சோறு போட்ட மனுசி வெறுங்கையோடு படலை படலையாகப் போனார். மறுபக்கமாகக் கொடுப்பதற்குச் சட்டத்தில் தடையில்லை. ஒவ்வொரு வீட்டிலும் கிழவிகள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்கள். துணைக்குப் போன எனக்கும். முதல் நாள் பதினொரு தேத்தண்ணி குடித்த பிறகு என்னால் ஒழுங்கையின் மறுபக்கத்துக்குப் போக ஏலாமல் போய்விட்டது. அக்கா போனார்.

கிழவிகள் வோட்டுப் போடப் போகாததற்குக் காரணம் கேட்டால் ஒன்றும் பெரிதாக இல்லை. வோட்டுப் போடுகிற பள்ளிக்கூடம் தூரம். முன்பெல்லாம் பிள்ளைகள் கூட்டிக்கொண்டு போவார்கள், இப்போது பிள்ளைகள் வெளிநாட்டில். போட்டு என்ன வரப்போகிறது. முருங்கை வீட்டுக் கிழவி மட்டும் லைட்டுக்கே எதிர். வெளிச்சம் வந்தால் தன் படலையடியில் பெடியள் கூடுவார்கள் என்றார். இப்போது இருட்டில் கூடுவது உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் அம்மா என்றார் அக்கா. கிழவி எழும்பிக் குசினிக்குப் போனார். எங்களுக்கு இன்னொரு தேத்தண்ணி வந்தது.

ஆனாலும் அவர்களை நடக்க வைத்தது அக்காவோ நானோ இல்லை. அந்த வீடுகளில் போர்டிங் இருந்த பெட்டைகள். தேர்தலுக்கு வளாகம் விடுமுறை விட்டது. பிள்ளைகள் வோட்டுப் போடத் தங்கள் தங்கள் ஊருக்குப் போகிறார்கள். இளைஞர்கள் அரசியலில் அக்கறையில்லாதவர்கள் என்றும் நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், அதையும் எழுதியிருப்பார்கள். எட்டு மணித்தியாலம் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறார்கள். போகும் முன் அந்த ஹட்டன் பிள்ளை தான் தங்கியிருந்த வீட்டுக் கிழவியின் அடையாள அட்டையையும் வாக்காளர் அட்டையையும் தேடியெடுத்துத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் வைத்து, யார் வீட்டுக் கிழவியோடு சேர்ந்து நடக்க வேண்டும், எத்தனை மணிக்கு, வழியில் எந்த மதிலடியில் இருந்து களை ஆற வேண்டும் என்று எல்லாம் சொல்லிவிட்டுப் போனாள். மற்றப் பிள்ளைகளும் அப்படியே செய்தார்கள். வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனால் அது இன்னொரு குற்றம்.

தேர்தலன்று விடிய நான் கடைக்குப் போய் நின்றேன், ஏதாவது உதவி செய்யலாம் என்று. அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சேருக்கு எங்க வோட்டு?"

தோப்பூரில் என்றேன். உம்மா வீட்டு இலக்கத்தில். கடைசியாகப் போட்டது எப்போது என்று கேட்டார். எனக்குச் சரியாக நினைவில்லை என்றேன்.

"அங்கயும் ஆரோ ஒரு அக்கா நிக்கிறாவாக்கும். போய்ப் போட்டுட்டு வாங்கோ. இங்க நிண்டு நீங்கள் என்ன செய்யிறது?"

கேள்வியில் நியாயம் இருந்தது. பஸ் ஏறினேன். திருகோணமலையில் இறங்கி, சீனன்குடா தாண்டி, கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் தாண்டித் தோப்பூர் போய்ச் சேரப் பத்து மணி. வாக்குச்சீட்டைக் கையில் வாங்கிய பிறகுதான் அங்கே யார் யார் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது என்பது தெரிந்தது. வாக்காளர் நடத்தை பற்றி இரண்டு கட்டுரை எழுதியவன், சின்னங்களைப் பார்த்து யோசித்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றவர் இருமினார். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பேனை இரவல் தந்த ஒருவனுடைய குழுவும் அதில் இருந்தது என்று பிறகு தம்பி சொன்னான். நான் அதற்குப் போடவில்லை.

திரும்பி வரும்போது இரண்டரை மணி இருக்கும். பஸ் எங்கள் வாக்களிப்பு நிலையத்தைத் தாண்டுகையில் கரைவலைக்காரர் வந்துகொண்டிருந்தார்கள். வலை இழுத்து முடித்து, ஈரச் சாரத்தோடு, கயிற்றில் நிற்கிற அதே ஒழுங்கில். சம்மாட்டி கூட வரவில்லை. வர வேண்டிய தேவையும் இல்லை.

கிழவிகள் காலையிலேயே குடை பிடித்துக்கொண்டு மூன்று கூட்டமாகப் போய்விட்டார்கள் என்று அக்கா சொன்னார். எட்டு மணிக்கு ஹட்டன் பிள்ளை தன் ஊர் வாக்களிப்பு வரிசையில் நின்றுகொண்டே போன் எடுத்து, வெளிக்கிட்டாச்சோ என்று கேட்டிருக்கிறாள். முருங்கை வீட்டுக் கிழவியும் போனார். எங்கள் ஐயாவும் போனார், பத்து வருடத்துக்குப் பிறகு முதல் தடவை. ஒழுங்கையில் நடக்கக்கூடிய யாரும் மிச்சமில்லை.

பொழுதுபடும் நேரத்தில் அக்கா போன் எடுத்தார். குரலில் ஒன்றுமில்லை.

"சேர், இருபது வோட்டுக்குள்ள தவற விட்டிட்டம்."

நான் ஒழுங்கையில் இருக்கிற விரிவுரையாளர்களை மட்டும் மனதுக்குள் எண்ணினேன். இருபதுக்கு மேல் வந்தது. சொல்லவில்லை. அவரே அதைச் சொன்னார், நீலப் படலைக்கு ஒன்பது, முருங்கை வீட்டுக்குப் பதினொன்று என்று பார்சல் எண்ணிக்கையாக.

அடுத்த நாள் காலை கடையில் கூட்டமில்லை, பிள்ளைகள் ஊரிலிருந்து வரவில்லை. சம்மாட்டி வந்தார். வெற்றிக்கு மாலை ஒன்றும் இல்லை, தோளில் துவாய். இடியப்பம் கேட்டு இருந்தார். அக்கா பரிமாறினார். நானும் பக்கத்து வாங்கில் இடியப்பத்தோடு இருந்தேன்.

அந்த ஒழுங்கையில் இவ்வளவு வோட்டு இருப்பதே தனக்குத் தெரியாது என்றார் சம்மாட்டி. தெரிந்திருந்தால் போய்ப் பார்த்திருப்பாராம். பிறகு, லைட்டைப் பற்றி அக்கா கதைக்கத் தொடங்கியபோது சிரித்துக்கொண்டு, "தங்கச்சி, இருட்டில நடக்கிற பிள்ளையளுக்கு இங்க வோட்டில்லையே. அவையளுக்கு லைட் போட்டு எனக்கென்ன?" என்றார். பகிடிக்குத்தான் சொன்னார். பாதி.

அதற்குப் பதிலாக ஒரு கோட்பாடு எனக்குத் தெரியும். வாய் திறந்தேன். நீங்கள் சாப்பிடுங்கோ சேர் என்று அக்கா எனக்குச் சொதி ஊற்றினார்.

"அண்ணை, பிள்ளையளுக்கு வோட்டில்லைத்தான். அதுகள் சொன்னா நடக்கிற கிழவியளுக்கு இருக்கு. நேத்து எண்ணிப் பாத்தனீங்கள்தானே."

சம்மாட்டி இடியப்பத்தைப் பிசைந்துகொண்டே, சபையில் காசு இருப்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டும் என்றார். எந்தக் கம்பத்தில் தொடங்குவது என்று கேட்டார். அக்கா கைகழுவி வந்து, மேசையில் தண்ணீரால் ஒழுங்கையைக் கீறிக் காட்டினார்.

மாரிக்கு முதல் இரண்டு லைட் வந்தது. ஒன்று ஒழுங்கை வாசலில். மற்றது முருங்கை வீட்டுப் படலைக்கு நேரே, கிழவி இப்போது பின்னேரம் அங்கே கதிரை போட்டு இருக்கிறார், பெடியள் கூடுவதைப் பார்க்க. பிள்ளை விழுந்த கானடி இன்னும் இருட்டுத்தான். அதற்கு மனு ஒன்று தயாராகிறது. கையெழுத்து வைக்கிறவர்கள் பெயருக்குப் பக்கத்தில் இடாப்பு இலக்கத்தையும் எழுத வேண்டும் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் அதில் கையெழுத்து வைக்க எனக்கு இடமில்லை. வடிவான கையெழுத்து என்றபடியால் எழுதிக்கொடுக்கிற வேலையை என்னிடம் தந்திருக்கிறார்.